ஜன்னல் அடைத்த வீட்டில் சவரிராயன்

சவரிராயனுக்கு வாய்க்கு முந்திக் கை பேசும். கடலூர் முதுநகரில் அவனைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஏசி மெக்கானிக் என்பது அப்புறம்தான் வரும். மாதா கோயில் திருவிழாவில் தேர் இழுக்கும்போது காலை மிதித்தவனுக்கு முன்பல் இரண்டும் போனது. இவன் வீட்டு நிழலில் சைக்கிளை வைத்ததற்காக ஒருவனுக்கு மூக்கு போனது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில், குளிரூட்டும் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தான். 2004-ஆம் வருடம் ஆவணியில் ஒருநாள் சூப்பர்வைசர், "இந்த வால்வ உங்கப்பனா வந்து மூடுவான்?" என்று கேட்டார். அப்பனை இழுத்ததும் கையிலிருந்த ஸ்பானர் பதில் சொல்லிவிட்டது. சூப்பர்வைசருக்குத் தாடையில் ஆறு தையல், சவரிராயனுக்கு வேலை போச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். இந்த இடம் வரைக்கும் அவன் மேல் யாரும் இரக்கப்பட வேண்டாம்.

அடுத்ததற்கும் இரக்கப்பட வேண்டாம். வேலை போன இருபதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவன் மனைவி ஞானமேரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஒரு வார்த்த பொறுத்துக்கினு போயிருந்தா வேலயாவது மிஞ்சியிருக்கும்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். கதவைச் சாத்தினான். ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைத்தான். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கோபத்தில் கண் மண் தெரியவில்லை என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னானே, கண் மண் தெரியாதவனுக்கு ரேடியோ எப்படித் தெரிந்தது? அப்புறம் உள்ளங்கையை விரித்து அவள் இடது காதோடு சேர்த்து அறைந்தான். அவள் அம்மிக்கல் மேல் போய் விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். இரண்டாவது முறை உதைக்கக் காலைத் தூக்கியபோது கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

பக்கத்து வீட்டுத் தைலம்மாள் வந்துவிட்டாள். மீன் விற்கிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை ஓட்டைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்ட சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் நூறு வயசு என்பார்கள். அப்படிப்பட்ட சுவரை ஏமாற்ற ஒரு ரேடியோ போதும் என்று நினைத்ததுதான் சவரிராயனின் புத்தி. தைலம்மாள் கையில் அவள் வீட்டுக்காரரின் துடுப்பு இருந்தது. முதல் அடி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. அவன் மண்டியிட்டதும் இரண்டாவது அடி வலது தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் ரேடியோவை மீறிக் கேட்டது.

"சத்தம் கேட்டுது, வந்தேன்," என்றாள் மூச்சு வாங்க. "இனிமே சத்தம் கேட்டாலும் வருவேன். கேக்கலன்னாலும் வருவேன், ஏன்டா கேக்கலன்னு பாக்க."

ஞானமேரியின் இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தப் பக்கம் இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சவரிராயன் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். அவர் கொடுத்த ஜெபங்களைச் சொன்னான். ஆனால் அவன் கை அன்றோடு நின்றது ஜெபத்தால் அல்ல, அது அவனுக்கே தெரியும். அடிக்கிறவனுக்குச் சாமி பயம் கிடையாது. போலீஸ் பயம்கூட அப்புறம்தான். பக்கத்தில் கேட்டுவிடும், யாராவது வந்துவிடுவார்கள் என்கிற பயம் ஒன்றுதான் பயம். அதற்குப் பிறகு அவன் அவளைத் தொட்டு அடிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நடக்கும்போதும் உட்காரும்போதும் அவளுக்கு வலது பக்கமாகவே இருக்கப் பழகிக்கொண்டான். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவன் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

பிறகு திருவந்திபுரத்துத் தேவநாதனோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஏசி மாட்டும் வேலையில் இறங்கினான். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. தேவநாதன் சாது. சவரிராயன் கை ஓங்கும்போது பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பதையும் சேர்த்துத்தான் அவன் பங்கு வேலை. பாண்டிச்சேரியில் ஓட்டல்களுக்குக் குளிர்காற்று போகிற தகர டக்ட் அடிக்கிற வேலையைக் கற்றுக்கொண்டார்கள். அப்படித்தான் 2011 புரட்டாசியில் சிதம்பரத்திலிருந்து பஞ்சநாதனின் அழைப்பு வந்தது.

பஞ்சநாதனுக்குக் கீரப்பாளையத்தில் ரைஸ் மில். சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் புதிதாக மாடி எடுத்த பங்களா. ஆள் உயரம், பேச்சு மெல்லிசு. வீடு முழுக்க ஒரே மிஷினில் குளிர வேண்டும், ஆனால் அறைக்கு அறை வேறு வேறாகக் குளிர வேண்டும் என்றார். சவரிராயன் விளக்கினான். மொட்டை மாடியில் ஒரு பெரிய மிஷின். அதிலிருந்து தகரக் குழாய்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடி ஒவ்வொரு அறைக்கும் குளிரைக் கொண்டுபோகும். ஒவ்வொரு கிளையிலும் மோட்டார் வைத்த ஒரு தட்டு உண்டு. ஆள் இல்லாத அறைக்குத் தட்டு மூடிக்கொள்ளும்.

"அவுங்கவுங்க ரூமு செவுத்துல ஒரு டப்பா வச்சிடுவோம் சார். யாருக்கு எவ்ளோ குளிர் வேணுமோ அவுங்களே வச்சிக்கலாம்."

"அவுங்கவுங்கன்னா யாரு?" என்றார் பஞ்சநாதன். "எல்லா டப்பாவும் எங்க பெட்ரூம்ல இருக்கட்டும். எந்த ரூம்பு எவ்ளோ குளிரணும்னு நான் முடிவு பண்றேன். அப்புறம் ஒண்ணு. ஜன்னலுக்கெல்லாம் ரெட்டக் கண்ணாடி போட்டு ரப்பர் வச்சி அடைக்கணும். கதவுக்கும் ரப்பர். சத்தம் ஒரு பொட்டு வெளிய போவக் கூடாது."

மிஷின் சத்தத்தைச் சொல்கிறார் என்று சவரிராயன் நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாளே வீட்டின் லட்சணம் தெரிந்தது. தேவநாதன் ஏணியைத் திருப்பும்போது தேக்குக் கதவில் ஒரு கீறல் விழுந்தது. பஞ்சநாதன் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்தார். கீறலைத் தடவிப் பார்த்தார். தேவநாதனைக் கன்னத்தில் அறைந்தார். ஒன்றல்ல, மூன்று, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு. தேவநாதன் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. சவரிராயன் தகரம் வெட்டுகிற கத்தரியோடு பாய்ந்தான். அடி வாங்கிய தேவநாதனே திரும்பி அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

"வுட்ரு மச்சான், வுட்ரு. குளிர வச்சமா, கெளம்புனமான்னு இரு."

"அடியாத மாடு படியாதுப்பா," என்று சொல்லிவிட்டுப் பஞ்சநாதன் சாப்பிடப் போய்விட்டார். அவர் மனைவி லோகநாயகி தேவநாதனுக்கு ஒரு டம்ளரில் தண்ணீரும் ஒரு துண்டும் கொண்டுவந்து வைத்தாள். நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய காயங்கள் மஞ்சளும் நீலமுமாக இருந்தன. சவரிராயன் அதைப் பார்த்தான், பார்க்காததுபோல் மேலே ஏறிவிட்டான்.

நான்காம் நாள். சவரிராயன் பெட்ரூமுக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்குக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில், வயிற்றால் ஊர்ந்து டக்டை இணைத்துக்கொண்டிருந்தான். வாயில் நாலு ஸ்க்ரூ. பழைய தோள் வலி உயிரை எடுத்தது. காற்று வழிக்குக் கிரில் மாட்டுவதற்காக வெட்டிய சதுர ஓட்டை வழியே கீழே கட்டில் தெரிந்தது. பஞ்சநாதன் லோகநாயகியை முடியைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார். பெல்ட்டைக் கழற்றினார். மகள் சரண்யா காலேஜ் டூர் போக அப்பனைக் கேட்காமல் அம்மா சரி என்று சொல்லிவிட்டாளாம், அதுதான் குற்றம். பக்கிள் இருக்கிற முனையால் முதுகில் அடித்தார். அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்ததுபோல், பழக்கப்பட்ட வேகத்தில் வைத்துக்கொண்டாள். ரவிக்கை கிழிந்து ரத்தம் கோடாக வந்தது. ஆறாவது அடியில் துணியை மீறி ஒரு சத்தம் வந்துவிட்டது.

உடனே பஞ்சநாதன் அடிப்பதை நிறுத்தினார். இன்னும் கண்ணாடி போடாத ஜன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். அவர் இரண்டு தடவை கேட் வரைக்கும் வந்து, என்ன சார் சத்தம் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது அங்கே யாரும் இல்லை. பஞ்சநாதன் திரும்பி வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சொந்தக்காரனிடம் விசேஷத்துக்கு நாள் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"ஏசி வேல முடியட்டும்டி. ஜன்னல அடச்சப்புறம் நீ எவ்ளோ வேணா கத்து. அந்த வாத்தி என்ன, நடராசரே வந்தாலும் கேக்காது."

மேலே ஒருவன் படுத்திருக்கிறான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. வேலைக்காரர்கள் அவர் கண்ணுக்கு ஏணி மாதிரி, மிஷின் மாதிரி. சவரிராயன் ஸ்க்ரூவைக் கடித்ததில் பல் விளிம்பு உடைந்தது. இறங்கிப் போய் அந்த ஆளின் கழுத்தை முறிக்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் இறங்கவில்லை. பயத்தால் அல்ல. ஜன்னலை எட்டிப் பார்த்த அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். ரேடியோவைத் திருகும்போது அவனுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும். அந்த ஆளை அடிக்க யோக்கியதை உள்ள கை தன்னுடையது இல்லை என்று தோன்றியது. இன்னொன்றும் தெரிந்தது. இந்த ரப்பரும் இந்த ரெட்டைக் கண்ணாடியும் அவன் கையால் மாட்டப்போகிறவை. தைலம்மாள் வர முடியாத ஒரு வீட்டை அவனே கட்டிக்கொடுக்கிறான். லோகநாயகி ஒருநாள் இந்த அறைக்குள் செத்துப்போவாள், அவன் வைத்த குளிரில்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பஞ்சநாதன் அப்படி ஒரு மூடியைச் செய்ய ஆர்டர் கொடுத்திருந்தார்.

ஜன்னல்களை அடைத்தார்கள். வேறு வழியில்லை, தினமும் வந்து விரலால் அழுத்திப் பார்ப்பார். ஆனால் டக்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க அவருக்குத் தெரியாது. அறைக்குள் போகிற குளிர்காற்று மிஷினுக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். பெட்ரூம் கூரையிலிருந்தும் கீழே ஹால் கூரையிலிருந்தும் திரும்பி வருகிற காற்றுக்கு ஒரே தகரப் பெட்டிதான். ஓர் அறையின் பேச்சு இன்னோர் அறைக்குப் போகாமல் இருக்க, அதன் உட்சுவரில் தடித்த ஃபோம் ஒட்டுவார்கள். குழாயை ஒரு வளைவு வளைத்தும் விடுவார்கள். முதல் வாரம் சவரிராயன் இரண்டையும் ஒழுங்காகச் செய்திருந்தான். கடைசி நாள் தனியாக மேலே போனான். ஃபோமை முழுதும் உரித்தான். வளைவைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் வைத்தான். கட்டிலுக்கு நேர்மேலே உள்ள கிரில்லுக்கும் ஹால் சோபாவுக்கு நேர்மேலே உள்ள கிரில்லுக்கும் நடுவில் இப்போது வெறும் தகரம்தான். மில் கணக்கர், வேலைக்காரி, கட்சிக்காரர்கள், விருந்தாளிகள் என்று ஆள் வந்துபோகிற இடம் ஹால். மிஷினின் காற்றாடி ஓடும்போது அதன் இரைச்சல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கரண்ட் போனால் மேலே முனகுவதுகூடக் கீழே கேட்கும். அந்த வருடம் கரண்ட் போகாத நாள் உண்டா?

கோணியில் கிடந்த ஃபோமைத் தேவநாதன் பார்த்தான். "என்னா மச்சான் இது?"

"வேஸ்ட்டு."

தேவநாதன் கோணியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "தெரிஞ்சா கை கால ஒடச்சிருவாரு."

"ஒடைக்கட்டும்," என்றான் சவரிராயன். யாராவது ஒருத்தருக்குக் கேட்கும், ஒருத்தராவது துடுப்போடு வருவார் என்பதுதான் அவன் போட்ட கணக்கு. அவன் தெருக் கணக்கு அது.

மார்கழி நடுவில் அடித்த புயலில் கடலூரே சாய்ந்தது. முதுநகரில் சவரிராயன் வீட்டு ஓடுகள் பறந்தன. கீரப்பாளையத்தில் மில்லின் கூரைத் தகடுகள் பறந்தன. தை மாதம், மொட்டை மாடி மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சவரிராயன் சிதம்பரம் போனான். பஞ்சநாதன் மில்லில் இருந்தார். கதவைத் திறந்த லோகநாயகியின் இடது கையில் மாவுக்கட்டு.

"வழுக்கிட்டேன் தம்பி," என்றாள் அவன் கேட்பதற்கு முன்பே. வேலை முடிந்து அவன் கிளம்பும்போது படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, கரண்ட் இல்லாதப்ப ஹால்ல நின்னா மேல ரூம்புல பேசுறது கேக்குதுப்பா. வேலக்காரி மேல பெருக்கிக்கினே பாடுனா, கீழ எனக்குப் பாட்டு கேக்குது. அவருக்குத் தெரியாது. அவரு ஹால்ல இருக்கும்போது மேல யாரு பேசுறா?"

சவரிராயன் தரையைப் பார்த்தான். "சரி பண்ணிடட்டுமாம்மா?"

அவள் ஹால் கூரையிலிருந்த கிரில்லை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். "இருக்கட்டும்."

2012 பங்குனியில் சரண்யாவைப் பெண் பார்க்கப் பண்ருட்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சாமிக்கண்ணு, பெரிய முந்திரி வியாபாரி. அம்மா தில்லையம்மாள். கூட ஒரு பத்துப் பேர். வந்தவர்கள் முன்னால் ஏசி மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று பஞ்சநாதன் சவரிராயனைக் காலையிலேயே வரவழைத்திருந்தார். அவன் ஹால் மூலையில் டூல் பையோடு நின்றான். ஏசி நன்றாகவே குளிர்ந்தது. சாமிக்கண்ணு தோள் துண்டைப் போர்த்திக்கொண்டு, "வூட்டுக்குள்ளயே ஊட்டிய கொண்டாந்துட்டீங்களே," என்று சிரித்தார்.

கல்யாணத்தை ஆனியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. அப்போது லோகநாயகி வாயைத் திறந்தாள்.

"பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வச்சா நல்லாருக்கும்னு அவளுக்கு ஆச."

சபையில் ஒரு தப்பும் இல்லாத பேச்சு. தில்லையம்மாள்கூட, "அதுவும் சரிதான்," என்று தலையாட்டினாள். பஞ்சநாதன் சிரித்தபடி எழுந்தார். "ஒரு நிமிஷம். லோகா, செத்த மேல வா," என்றார். இருவரும் படியேறினார்கள். மேலே கதவு ரப்பரோடு போய்ப் பொருந்திக்கொண்டது.

காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் போனது. அப்புறம் கரண்ட் போனது.

இன்வெர்ட்டரில் இரண்டு விளக்கு மட்டும் எரிந்தது. இரைச்சல் அடங்கி, வீடு காது அடைத்ததுபோல் ஆனது. அடைத்த ஜன்னல் வழியாகத் தெருச் சத்தம்கூட வரவில்லை. அந்த அமைதியில், சோபாவுக்கு மேலே கூரையிலிருந்து, பக்கத்தில் நின்று அடிப்பதுபோல் ஓர் அறை கேட்டது.

"எவனக் கேட்டுடி வாயத் தொறந்த?"

மறுபடி அறை. ஏதோ கண்ணாடிச் சாமான் உடைந்தது. தலை சுவரில் மோதுகிற மொத்தென்ற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. பஜ்ஜியைக் கையில் வைத்திருந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேரும் கூரையிலிருந்த கிரில்லைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் சரண்யா பட்டுப்புடவையோடு நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை, ஊருக்கே தெரிந்துவிட்டதே என்கிற அவமானம்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கிறவள். அசையக் கூடாது என்று அவள் காலுக்கு யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

"அய்யோ, கழுத்த வுடுங்க... வுடுங்க..."

இப்போது எழுந்திருப்பார்கள் என்று சவரிராயன் காத்திருந்தான். இதற்காகத்தானே ஃபோமை உரித்தான். அவன் தெருவில் இந்நேரம் நாலு கதவு பெயர்ந்திருக்கும். இங்கே சாமிக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். தில்லையம்மாள் பாதி எழுந்தாள், அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"குடும்பம்னா நாலும் இருக்கும்," என்றார் தணிந்த குரலில். "நாம கேக்காத மாதிரி கெளம்பிடறது மரியாத."

மரியாதையாம்! சவரிராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டால் வருவார்கள் என்று அவன் போட்ட கணக்கு அத்தனையும் தப்பு. தைலம்மாளுக்குச் சத்தம் கேட்டது என்பதால் அவள் வரவில்லை. அவள் தைலம்மாள், அதனால் வந்தாள்.

மேலே குரல் நின்றது. ஒரு இழுப்பு, ஒரு கரகரப்பு, பிறகு ஒன்றும் இல்லை. கேக்கலன்னாலும் வருவேன், ஏன்டா கேக்கலன்னு பாக்க. எட்டு வருடத்துக்கு முந்தைய குரல் அவன் மண்டைக்குள் கத்தியது. பையிலிருந்து பெரிய பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு மூன்று மூன்று படியாகத் தாவினான்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. பூட்டின் மேல் ரெஞ்சால் ஓங்கி அடித்தான். நாலாவது அடியில் தேக்கு பிளந்தது. உள்ளே பஞ்சநாதன் மனைவியைக் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட வைத்து, தோளில் போடுகிற ஜரிகைத் துண்டைக் கழுத்தில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகம் கறுத்து, நாக்கு வெளியே வந்திருந்தது. கைகள் தொங்கின.

துண்டைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் சவரிராயன் ரெஞ்சை இறக்கினான். எலும்பு முறிந்தது. பஞ்சநாதன் மாடு மாதிரி அலறிக்கொண்டு, உடைந்து கிடந்த பூஜாடியை இன்னொரு கையால் எடுத்து அவன் முகத்தில் குத்தினார். புருவத்திலிருந்து தாடை வரை கிழிந்தது. ஒரு கண்ணை ரத்தம் மூடியது. அவன் மோதித் தள்ளினான். இரண்டு பேரும் கண்ணாடிச் சில்லு மேல் உருண்டார்கள். பஞ்சநாதன் அவனுடைய பழைய தோளைப் பிடித்துத் திருக, அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தலையால் அவர் மூக்கில் முட்டினான். மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தான். ரெஞ்சைத் தலைக்கு மேல் தூக்கினான். முதுநகரில் பேர்பெற்ற கை அது. ஒரே போடு, மண்டை பிளந்துவிடும். அவனுக்கு அது வேண்டியிருந்தது. கீழே கிடக்கிறவன் பஞ்சநாதனா, ரேடியோவைத் திருகியவனா என்றே தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒரே அடியில் முடித்துவிட வேண்டும்போல் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவன் கையைப் பிடித்தது. தேவநாதன் அன்று வரவில்லையே என்று திரும்பினான். தில்லையம்மாள் நின்றாள். மூச்சு வாங்கியது. புருஷன் பிடித்த கையை உதறிவிட்டுப் படியேறி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சரண்யா.

"போதும்பா," என்றாள். "அவ மூச்சு வுடறா பாரு."

லோகநாயகி தரையில் கிடந்து இருமினாள். சரண்யா ஓடிப்போய் அம்மாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். சவரிராயன் ரெஞ்சைக் கீழே போட்டான். இருமல் சத்தம் டக்ட் வழியாகக் கீழே ஹாலுக்கும் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே செருப்புத் தேடினார்கள்.

பஞ்சநாதன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, வேலைக்கு வந்தவன் வீடு புகுந்து தாக்கினான் என்று புகார் கொடுத்தார். சவரிராயன் ரிமாண்டில் கேப்பர் மலை ஜெயிலில் இருபத்தியொரு நாள் இருந்தான். பேச முடியாத லோகநாயகி, கழுத்துக் கட்டோடு ஸ்டேஷனில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக்கொடுத்தாள். தில்லையம்மாள் பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பஞ்சநாதன் மேல் கொலை முயற்சி வழக்கு பதிவானது. லோகநாயகி சரண்யாவோடு புவனகிரியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். தைலம்மாள் ஒருநாள் வறுத்த நெத்திலியோடு ஜெயிலுக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தையலு ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஞானமேரி வாராவாரம் வந்தாள். ஆனால் நடந்தது எதையும் கேட்கவில்லை. ஜாமீனில் வந்த அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டாள். முகத்தில் பதினெட்டுத் தையலோடு அவன் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பெல்ட், ஜன்னல், ஃபோம், கிரில்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேர், துண்டு, ரெஞ்ச் எல்லாம். அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அவன் முடித்ததும் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்குதா?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தையல் மேல் வழிந்து எரிந்தது. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப சரி," என்று சொல்லி அவன் தட்டில் ஒரு மீன் துண்டு எடுத்து வைத்தாள் ஞானமேரி.